ஆடு செத்த வரி

பூரணி குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறவள். அவள் கதைகளில் அம்மா பொய் சொல்வாள், நாய் சாகும், கூப்பிட்டால் சாமி வராது. பெற்றவர்கள் திட்டுவார்கள். பிள்ளைகள் ஒளித்து வைத்துப் படிப்பார்கள்.

அவளிடம் எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர் கோதண்டம். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார். அவளைவிட வயதில் ரொம்ப மூத்தவர்.

ஒரு நாள் கொதித்துப்போய் வந்தார். நூலகத்தில் பிள்ளைகளுக்குத் தன் கதையை வாசித்துவிட்டு நேராக அங்கிருந்து வருகிறார். ஒரு பையன் ஆசையாக வளர்த்த ஆட்டைக் கோயில் கொடை விழாவுக்கு வெட்டிவிடுகிற கதை. ஆட்டின் பெயர் தொப்பி.

"ஆடு சாகிற இடத்துல பிள்ளைங்க கொட்டாவி விடுதுங்கம்மா. பிள்ளைங்களா, கல்லுங்களா? இந்த ஒரு கதையைச் சொல்லத்தான் இந்த வயசுல பேனா எடுத்தேன். இதுவே எடுபடலைன்னா நான் எதுக்கு எழுதணும்?"

"ஆடு சாகிற வரியைப் படிங்க."

கோதண்டம் படித்தார். "பால்நிலவு பொழிந்த அவ்விரவில், மேகங்களின் மென்மடியில், தொப்பி மெல்லக் கண்மூடித் துயில்கொண்டது."

பூரணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஆட்டுக்குத் தூக்கம் வந்துச்சா? யாரை ஏமாத்துறீங்க? எல்லாத்தையும் அடிங்க."

"நிலவையாவது விட்டுடுங்கம்மா."

"முடியாது."

"'மெல்ல'ங்கிற ஒரு சொல்லு?"

"மெல்லவா வெட்டினாங்க?"

"பிஞ்சு மனசு தாங்கணுமே."

"கறி தின்கிற பிள்ளைங்கதான? அதுங்க தாங்கும். உங்களுக்குத்தான் தாங்கலை. யார் வெட்டினது?"

"அப்பா."

"எழுதுங்க."

எழுதினார். 'அப்பா தொப்பியை வெட்டினார்.' பேனாவை மேசையில் வீசினார்.

"போதுமா? கதையைக் கொன்னாச்சு. முடிஞ்சுது."

"முடியலை. அன்னைக்கு வீட்டுல என்ன சமையல்?"

கோதண்டம் அவளை முறைத்தார். "இது என்ன கேள்வி?"

"என்ன சமையல்?"

"கறிக்குழம்பு."

"பையன் சாப்பிட்டானா?"

"கதைக்கு அது தேவையில்லை."

"தேவையா இல்லையான்னு நான் சொல்றேன். சாப்பிட்டானா?"

வாத்தியார் எழுந்துவிட்டார்.

"சாப்பிட்டான். அழுதுக்கிட்டே சாப்பிட்டான். நல்லா இருந்துச்சு. இன்னொரு துண்டு வேணும்னு தட்டை நீட்டினான். எங்கப்பா சிரிச்சுக்கிட்டே வெச்சார். அப்படி எல்லாம் குழந்தைங்க புத்தகத்துல எழுதச் சொல்றீங்களா? அந்தப் பையனை எந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும்?"

'எங்கப்பா' என்று அவர் சொன்னதைப் பூரணி கவனித்தாள். பேனாவை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்பச் சொன்னீங்களே, அப்படியே எழுதுங்க. கடைசியில, 'பாவம், அவன் சின்னப் பையன்'னு ஒரு வரி சேர்க்கச் சொல்லிக் கை கெஞ்சும். அதை மட்டும் எழுதாதீங்க. அது பிள்ளைங்க சொல்ல வேண்டியது."