முதுகு காட்டாமல் முந்தியவன்

முன்னொரு காலத்தில், கடலுக்கு நடுவே ஒரு குட்டித் தீவு இருந்தது. காலையில் பழையது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால், முழுத் தீவையும் நடந்து சுற்றிவிட்டு மதியச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம். ராஜ்ஜியம் அவ்வளவுதான். ஆனால் அதன் அரசருக்கு 'ஏழ்கடல் சூழ் ஏகாதிபதி' என்று பட்டம். சூழ்ந்திருந்தது ஒரே கடல்தான். மீதி ஆறையும் மந்திரி வல்லபராயர் சேர்த்துக் கொடுத்திருந்தார்.

அரசர் தீவைச் சுற்றிக் கரையோரமாக ஒரு செம்மண் சாலை போட்டார். போட்டு முடித்ததும் ஓர் ஆசை வந்தது. அந்தச் சாலையில் ஓட்டப்பந்தயம் வைக்க வேண்டும், அதில் தாமும் ஓட வேண்டும்.

"காற்றே தங்களிடம் தோற்கும்போது மனிதர் எம்மாத்திரம், பிரபு?" என்றார் வல்லபராயர். சபை முழுவதும் தலையாட்டியது.

விகடம் பேசிப் பிழைக்கும் கொன்றையப்பனுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. "அரசே, இவர்கள் தோற்பது இப்போதே முடிவாகிவிட்டது. பரிசை இங்கேயே வாங்கிக்கொண்டால் தங்களுக்குக் கால்வலியாவது மிச்சம்" என்றான்.

அரசருக்கு முகம் சிவந்தது. "அப்படியானால் நீ ஓடு. என்னை முந்திக் காட்டு. முந்தாவிட்டால் அடுத்த படகில் தீவை விட்டுப் போய்விட வேண்டும்."

கொன்றையப்பன் மேல் வெகுநாளாகக் கறுவிக்கொண்டிருந்த வல்லபராயருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். "பிரபு, அம்மையப்பனை வலம் வந்துவிட்டு உலகையே சுற்றியதாக மாம்பழம் கேட்கும் தந்திரமெல்லாம் இங்கே ஆகாது. சாலை முழுவதும் ஓடியே தீர வேண்டும். மேலும், அரசருக்கு முதுகு காட்டலாகாது என்ற சபை வழக்கம் பந்தயத்துக்கும் பொருந்தும். காட்டினாலும் அதே படகுதான்."

அந்தச் சபையில் விடைபெறுகிறவர்கள் அரசரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வாசலை அடைவதுதான் வழக்கம். ஆஸ்தானப் புலவர் வாரம் ஒருமுறையாவது தூணில் இடித்துக்கொள்வார். அரசர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு: திரும்பிப் பார்க்கக் கூடாது. யானை திரும்பிப் பார்க்குமா என்று கேட்டு, அதை உண்டாக்கியவரும் வல்லபராயரே.

"முந்தினால் முதுகு தெரியுமே?" என்றார் அரசர்.

"அது அவன் கவலை, பிரபு."

வீட்டில் கொன்றையப்பனின் மனைவி செண்பகவடிவு சட்டிபானைகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். செய்தி அவனுக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

"படகுல அம்மிக்கல்லை ஏத்துவாங்களா?"

"எதையும் கட்டாதே. பிறந்த மண்ணை விட்டு நான் எங்கேயும் போவதாக இல்லை. விடிந்ததும் என்னோடு சாலைக்கு வா. எனக்கு முதுகுப் பக்கம் இரண்டு கண் வேண்டும்."

மறுநாள் முதல் கொன்றையப்பன் பின்பக்கமாக ஓடிப் பழகினான். செண்பகவடிவு எதிரே வருவதைச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இடது பக்கம் பள்ளம். அட, என் இடது இல்லீங்க, உங்க இடது."

அதற்குள் அவன் பள்ளத்தில் இருப்பான். வலை உலர்த்த வந்தவர்கள் சிரித்தார்கள். வல்லபராயரும் ஆள் விட்டுப் பார்க்கச் சொல்லி, "பாவம், பயத்தில் மூளை கலங்கிவிட்டது" என்று மகிழ்ந்தார். கொன்றையப்பன் விழுந்தான், எழுந்தான், மறுபடி ஓடினான். முதுகில் தோல் நிற்கவில்லை. போகப் போக, கிளிஞ்சல் நொறுங்கினால் மேடு, மண் குளிர்ந்தால் தென்னந்தோப்பு வளைவு என்று குதிகாலே வழி சொல்லத் தொடங்கியது. செண்பகவடிவு பானைகளைத் திரும்ப அடுக்கிவிட்டாள்.

பந்தய நாளன்று சங்கு முழங்கியதும் அரசரும் அவர் பின்னால் சபையோர் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள். குறை சொல்லக் கூடாது, அரசருக்கு ஓடத் தெரியும். அரண்மனைச் சேவகர் இருவர் கொன்றையப்பனின் முதுகைக் கண்காணிக்கக் குதிரையில் வந்தார்கள். அவன் பாதி வழிவரை எல்லோரையும் போல நேராகவே ஓடினான். அரசரின் தோளை எட்டியதும், முகத்தை அவர் பக்கமே வைத்தபடி மெல்லச் சுழன்று முன்னால் போய், பின்பக்கமாக ஓடலானான்.

"கொன்றையா, என்ன இது?"

"சபையில் தினமும் நடப்பதுதான், அரசே. இன்று கொஞ்சம் வேகமாக நடக்கிறது."

அரசருக்கு மூச்சிரைத்தது. "மற்றவர்கள்... விடாமல் வருகிறார்கள் போலிருக்கிறதே. மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது."

"சத்தத்துக்கென்று இரண்டு பேரை விட்டிருக்கிறார்கள், அரசே. மற்றவர்கள் பனைமரத்தடியில் நுங்கு தின்கிறார்கள்."

"வல்லபராயர்?"

"பல்லக்கில் வருகிறார். தூங்குகிறார் போலும், வாய் திறந்திருக்கிறது."

"பொய்."

"திரும்பிப் பாருங்கள்."

"அரசன் திரும்பிப் பார்க்கலாகாது."

"அப்படிச் சொன்னது யார், அரசே?"

அரசரின் ஓட்டம் தளர்ந்தது. பிறகு நின்றார். பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார். பல்லக்கு ஆடி ஆடி வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகுதான் பந்தயமே தொடங்கியது. அரசர் கிரீடத்தைக் கழற்றிக் கடற்கரையில் எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பாய்ந்தார். கொன்றையப்பனும் விட்டுக்கொடுக்கவில்லை. தோற்றுத் தொலைத்தால் அரசர் மன்னித்துவிடுவார் என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோற்பதற்குத்தான் ஒரு சபையே இருக்கிறதே என்று குதிகாலை இன்னும் ஊன்றினான். மூக்குக்கு மூக்கு ஒரு முழம் இடைவெளி. பந்தய எல்லையாக அரண்மனை வாசலில் கட்டியிருந்த பூச்சரம் கொன்றையப்பனின் முதுகு பட்டு அறுந்தது.

வெகுநேரம் கழித்து, நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வல்லபராயர் 'ஓடி' வந்தார். "பிரபு, அரசருக்கென்று கட்டிய சரத்தை முதுகால் அறுப்பது மரியாதையா?"

"முதுகை எனக்குக் காட்டினானா?" என்று சேவகரைக் கேட்டார் அரசர்.

"இல்லை, பிரபு."

"உம் முதுகு எப்படி, ராயரே? பல்லக்கில் மெத்தை சரியாகப் போட்டிருந்தார்களா?"

வல்லபராயருக்கு உண்மையாகவே வியர்த்தது.

"நாளைக் காலை சபையோர் அனைவரும் தீவைச் சுற்றி ஓட வேண்டும். நீர் முதலில். நான் பின்னால் வருவேன். வழக்கம் தெரியுமல்லவா, முதுகு காட்டக் கூடாது." சொல்லும்போதே அரசருக்குச் சிரிப்புப் பீறிட்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கொன்றையப்பனைப் பார்த்து, "என்ன வேண்டும், கேள்" என்றார்.

"வீட்டுக்கு நேராக நடந்து போக உத்தரவு வேண்டும், அரசே. இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்கும். கழுத்து வலிக்கிறது."

"தந்தேன். போ."

கொன்றையப்பன் வணங்கிவிட்டுத் திரும்பி நடந்தான். அரசர் தம் ராஜ்ஜியத்தில் பார்த்த முதல் முதுகு அதுதான். சட்டை கிழிந்து, பழைய காயமும் புதுக் காயமுமாக, நடுவில் இரண்டு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அரசரின் சிரிப்பு கொஞ்சம் நின்றது. தம் பொன்னாடையை எடுத்துக்கொண்டு அவரே பின்னால் ஓடினார்.

"கொன்றையா, நில். இப்போது நான்தான் உன்னைத் துரத்த வேண்டியிருக்கிறது" என்று அந்த முதுகின் மேல் ஆடையைப் போர்த்திவிட்டு, மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.