ஈட்டிக் கதவில் ஒரு கை

கதை மட்டும்தான் என்னுடையது, தீர்ப்பு உங்களுடையது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மரச்சிற்பப் பட்டறை ஒன்றில் ஒரு வழக்கம் உண்டு. செதுக்கியவர் பெயர் கதவின் முன்னால் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிற பெண்களின் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் பாலிஷ் ஏறுவதற்கு முன், தேய்த்தவள் காவியில் வெறுங்கையைத் தோய்த்து, ரேகை தெரியக் கதவின் பின்புறம் அழுத்தலாம். ஒரு கதவுக்கு ஒரே கை.

தவமணியின் கை பதினொரு தேக்குக் கதவுகளில் இருந்தது. பன்னிரண்டாவது ஈட்டி மரத்தில் இரட்டைக் கதவு; இரண்டு பாதி என்றாலும் கணக்கில் ஒரே கதவுதான். அவள் மகள் தினமும் போய்ப் படிக்கும் நூலகத்துக்கு. இதில் தன் கை இருந்தே ஆகவேண்டும் என்று நினைத்தாள்.

முதல் பாதியைத் தேய்த்து முடிக்கும்போதே இமைகள் வீங்கின. முழங்கை மடிப்பில் நீர் வடிந்தது.

"எட்டு வருசமா தேக்குத் தூளத் தின்ன ஒடம்பு, இதுக்கா சுணங்குது?" என்றார் மேஸ்திரி அய்யாவு.

பார்த்த டாக்டரம்மா வேறு மாதிரி சொன்னார்: "ஈட்டி உங்களுக்கு ஒத்துக்கல. இனிமே வெறுங்கையால தொட்டாலே இதைவிட மோசமா வரும்."

மறுநாளும் தவமணி வந்தாள். மரத்தைத் தொடவில்லை, வாசலில் நின்று, கூடத் தேய்க்கிற ரெஜினாவிடமும் பொன்னுத்தாயியிடமும் வேலை வாங்கினாள். காற்று முதுகுப்பக்கம் வரும்படி கதவைத் திருப்பிப் போடச் சொன்னாள். தூளை வாயால் ஊதாதே, ஈரத்துணியால் ஒற்றியெடு என்றாள். மேஸ்திரியிடம் மூன்று நாள் மல்லுக்கட்டி, முகமூடியும் கையுறையும் வாங்க வைத்தாள்.

ரெஜினா அவள் சொன்னபடியே மறுபாதியின் பலகையைத் தேய்த்தாள். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை.

பொன்னுத்தாயி அவள் பேச்சைக் கேட்கவில்லை. "ரெண்டு புள்ள பெத்த ஒடம்புடி, தூளுக்கா பயப்படும்?" என்று, புண்ணான விரல்களில் துணி சுற்றிக்கொண்டு இரண்டு பாதியிலும் பூவேலையின் இடுக்கெல்லாம் தேய்த்து முடித்தாள். மேஸ்திரி அதற்கு வீரம் என்று பெயர் வைத்தார். எரிந்தது அவர் விரல் இல்லையே.

காவி குழைத்தாயிற்று.

"ஒரு நாளு லீவு போடாம முடிச்சவ நான்" என்றாள் பொன்னுத்தாயி.

"பாதிக் கதவு நான் தேச்சது மேஸ்திரி" என்றாள் ரெஜினா.

"எம் மவ தொறந்து நுழையப்போற கதவு" என்று மட்டும் சொன்னாள் தவமணி.

தவமணிக்குக் கொடுத்தால், அந்தப் பெருமையே அவள் தோலைத் தின்னும். கொடுக்காவிட்டால், மற்றவர்களைக் காத்தவளுக்கு ஒன்றுமில்லை. நீங்களே சொல்லுங்கள்: அந்த ஒரு கை யாருடையது?

விடை: ரெஜினாவின் கை. பாதியைத் தேய்த்ததற்காக அல்ல. அந்தக் கணக்கில் தவமணியும் பாதி தேய்த்தவள்தான். பொன்னுத்தாயியின் உழைப்பில் குறை காண யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் அவள் புண்ணைக் கதவில் பதித்து அழகு பார்ப்பது பட்டறைக்குத்தான் அசிங்கம். முடிவு செய்தவள் தவமணியே. ரெஜினாவின் கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை மேஸ்திரியின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள்.

"ஈட்டியத் தேச்ச கை. ஒரு கொப்புளம் இருக்கா பாருங்க. இது நான் செஞ்ச வேல. இதப் பதிங்க."