ஒன்று புள்ளி மூன்று

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளம். அங்கே வெயில் எப்படியென்றால், பறக்கிற கொக்கு பாதி வழியில் வறுபட்டு விழும்; உப்பு கீழே தயாராக இருக்கும். நான் தின்றிருக்கிறேன். இதை நம்பாதவர்கள் மேலே படிக்க வேண்டாம்.

அந்த வெயிலில் நிற்கும் பெண்கள் கறுக்காமல் என்ன செய்வார்கள்? கறுப்புக்குப் பயந்து, பெயரில்லாத டப்பாவில் வரும் கிரீமைப் பூசினார்கள். அதிலிருந்து பாதரசம் உடம்பில் ஏறுகிறதா என்று பார்க்கக் கல்லூரியிலிருந்து ஜூலியட் டீச்சர் வந்தார். பெண்களே அவரோடு உட்கார்ந்து விதி வகுத்தார்கள்: சிறுநீர் பாட்டிலில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். எது யாருடையது என்று டீச்சர் வாய் திறக்கக் கூடாது.

பதினோரு பேர் பாட்டிலோடு நின்றார்கள். உப்பளத்தில் கழிப்பறை கிடையாது. அதனால் வேலை நாளில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. கைக்குழந்தைக்காரி இசக்கியம்மாள் மட்டும் நீராகாரம் குடித்து வந்திருந்தாள். வீங்கிய காலோடு நின்ற வடிவுக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

“ஏட்டி இசக்கி, வெக்கமா இருக்கு. எம் பாட்டில்லயும் நீயே பிடிச்சிரு. ஒருத்தர்ட்டயும் மூச்சு விடக் கூடாது. எம் மேல சத்தியம்.”

கிரீமே பூசாத இசக்கி இரண்டு பாட்டிலையும் நிரப்பினாள். சத்தியமும் செய்தாள்.

பத்து நாள் கழித்து, உப்பளத்துச் சங்கக் கொட்டகையில் டீச்சர் பலகையில் எழுதினார். ஒன்பது பாட்டில்களில் பாதரசம் இருபது, முப்பது, நாற்பத்திரண்டு என்று ஏறியிருந்தது. இரண்டு பாட்டில்களில் மட்டும் ஒன்று புள்ளி மூன்று. டீச்சர் அந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

வடிவு துள்ளி எழுந்தாள். “அதுல ஒண்ணு எம் பாட்டிலு! எங்க அண்ணன் பம்பாயிலருந்து அனுப்புத கிரீமு தங்கம்னு இப்பத் தெரியுதா?” விற்கக் கொண்டுவந்த பையைத் திறந்தாள். பத்து டப்பா.

இசக்கி அவள் முந்தானையை இழுத்தாள். “அடிப்பாவி!”

“என்னட்டி? பாட்டில்ல எழுதியிருக்கது என் நம்பர்தான?”

முதலில் நீண்ட கை ரோசம்மாளுடையது. ஐந்து மாதக் கர்ப்பிணி. மாமியார் அவள் கறுப்பைச் சொல்லி ‘அடிச்சட்டி’ என்றுதான் கூப்பிடுவாள்.

“எனக்கு ஒண்ணு தாங்க மைனி. வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்லா?”

“பலகையப் பாரு. பெறவு பேசு.”

இசக்கிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். டீச்சர் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். ரோசம்மாளின் விரல் கிரீமுக்குள் இறங்கியது. இசக்கி பாய்ந்து அந்த டப்பாவைப் பிடுங்கி உப்புப் பாத்தியில் வீசினாள்.

“பொறாமை புடிச்ச மூதி!” என்று கொட்டகையே கத்தியது.

டீச்சர் விதியைக் காத்தார். இசக்கி சத்தியத்தைக் காத்து, டப்பாவைத் தொலைத்து, கெட்ட பெயரும் வாங்கினாள். இதில் யார் செய்தது சரி?

விடை: இசக்கி செய்தது பாதி சரி, பையில் இன்னும் ஒன்பது டப்பா இருக்கிறதே. மீதிப் பாதி டீச்சரின் வாயில் இருந்தது. அவர் வாக்குக் கொடுத்தது பெயரைச் சொல்வதில்லை என்றுதான், சந்தேகத்தைச் சொல்வதில்லை என்றல்ல. “இரண்டு பாட்டில் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது. எல்லோரும் மறுபடி கொடுங்கள், அதுவரை யாரும் எதையும் பூச வேண்டாம்” என்றிருந்தால் ரோசம்மாளின் விரலும் நின்றிருக்கும், பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்துத்தான் வடிவின் கால் வீங்கியதா என்பதும் தெரிந்திருக்கும். ஆனால் அடுத்த முறை வரும்போது டீச்சர் பாட்டிலோடு ஒரு குடம் தண்ணீரும், நாலு பக்கம் மறைக்கத் தார்ப்பாயும் கொண்டுவரட்டும்.