அது உங்க தப்பில்லை

தாணுமாலயன் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அதன் பிறகு மனநல ஆலோசனை படித்தார். ஆள் நல்லவர். வாய்தான் சும்மா இருக்காது.

அவருக்குக் குரு கதீஜா. வயதில் அவருடைய மகளைவிடச் சின்னவர். நாகர்கோவிலில் ஒரு மாடியில் ஆலோசனை அறை நடத்தினார். தாணுமாலயன் அங்கேயே ஆட்களைப் பார்த்துத் தொழில் பழகினார். கதீஜா கேட்டதற்கு மட்டும் பேசுவார். சில சமயம் அதற்கும் பேச மாட்டார்.

ஒரு நாள் தாணுமாலயன் முகம் வாடி வந்தார்.

"மேடம், ஏசுவடியான் வரல."

ஏசுவடியான் தையல்காரர். தம்பி செத்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. சோறும் சரியாக இறங்கவில்லை. மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்து விட்டுப் போனார். வந்த நாளெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன வாரம்தான் வாயைத் திறந்தார்.

"என்ன சொன்னார்?" கதீஜா கேட்டார்.

"தம்பி கோயம்புத்தூர்ல தனியா ரூம் எடுத்து இருந்தவன். நெஞ்சுவலி வந்த அன்னைக்கு இவருக்குப் போன் அடிச்சிருக்கான். 'நான் எடுக்கல சார்'னு சொன்னார்."

"நீங்க?"

"அது உங்க தப்பில்லைன்னேன்."

"உடனேயா?"

"பின்னே? மனுஷன் துடிக்கிறார். பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா?"

"அதுக்கு அவர்?"

"சரி சார்னு எழுந்து போயிட்டார். இந்த வாரம் ஆளைக் காணோம். நான் சொன்னதுல என்ன பிழை மேடம்?"

கதீஜா ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினார்.

தாணுமாலயன் அதைத் தொடவில்லை. "ராத்திரி தூக்கம் இல்ல மேடம். அவர் ஏதாவது பண்ணிக்கிட்டார்னா, அது என்னாலதான்..."

"சேச்சே. அது உங்க தப்பில்ல சார்."

"இல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"உங்க தப்பே இல்ல. டீ ஆறுது, குடிங்க."

தாணுமாலயனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்ன மேடம் நீங்க? நான் இன்னும் பாதிகூடச் சொல்லல, அதுக்குள்ள..."

நின்றுவிட்டார்.

கதீஜா தன் டீயைக் குடித்தார்.

"என் வாயிலேயே போடணும்," என்றார் தாணுமாலயன்.

"போடுங்க. அதுக்கு முன்னாடி அவருக்குப் போன் போடுங்க."

போட்டார். எடுத்தது மனைவி. "அவிய போனைத் தொடுறதே இல்ல சார். அங்கதான் வந்துக்கிட்டு இருக்காவ. இனி வரமாட்டேன்னு நேர்ல சொல்லிட்டு வாறேன்னு கிளம்புனாவ."

சொன்ன மாதிரியே ஏசுவடியான் வந்தார். வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

"இனி வரல்ல சார். நீங்கதான் தப்பில்லைன்னு சொல்லிட்டியளே. அதோட முடிஞ்சுபோச்சு."

"அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

"அப்ப தப்புதானா?"

தாணுமாலயனுக்கு நாக்கு நுனி வரைக்கும் என்னென்னவோ வந்தது. விழுங்கினார்.

"தெரியாது. அன்னைக்கு என்ன நடந்ததுன்னு நான் கேக்கவே இல்லையே."

ஏசுவடியான் நின்றார். படியைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

தாணுமாலயனோடு உள்ளறைக்குப் போய் உட்கார்ந்ததும் சொன்னார்.

"போன் அடிச்சது தெரியாம இல்ல சார். அவன் பேரைப் பார்த்தேன். வீட்டைப் பாகம் பிரிச்சதுல அவன்கூடச் சண்டை. கெடந்து அடிக்கட்டும்னு போனைக் கவுத்து வச்சேன். கையில ஒரு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கிட்டு இருந்தேன். அடிச்சு நின்னுபோச்சு. நான் அந்தச் சட்டையை முடிச்சு, இஸ்திரியும் போட்டேன்."

தாணுமாலயன் பேசவில்லை. விழித்திருக்கும்போது அவ்வளவு நேரம் அவர் பேசாமல் இருந்ததே இல்லை.

"எடுத்திருக்கணும்லா சார்?"

"ஆமா. எடுத்திருக்கலாம்."

ஏசுவடியான் நிமிர்ந்தார். "வீட்ல ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டேங்காவ," என்றார்.

பிறகு அழுதார்.

அவர் இறங்கிப் போனதும் தாணுமாலயன் கதீஜாவின் எதிரே வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னார்.

"நான் ஒரு வார்த்தை சொல்லித் தேத்தல மேடம். அவ்வளவு பாரத்தையும் தனியாத் தூக்கிட்டுப் போறார் மனுஷன்."

"அடுத்த வாரம் வாறாரா?"

"வாறேன்னார். இன்னும் சொல்ல மிச்சம் இருக்காம்."

"அப்போ தனியாப் போகல சார்."