மெல்பர்ன் வீட்டின் முதல் டம்ளர் பால்

இந்தக் கதையின் முடிவில் ஒரு டம்ளர் பால் இருக்கிறது. அது யாருக்குப் போக வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள். அதனால் அவசரப்படாமல் கேளுங்கள்.

காங்கேயத்தில் அரிசி ஆலை வைத்திருந்த குழந்தைவேலு, மெல்பர்னில் புதிதாகக் கட்டிய ஒரு டவுன்ஹவுஸ் வாங்கினார். பக்கத்து வீட்டோடு சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு வரிசையில் நிற்கும் மாடி வீடு. அந்த ஊரிலேயே வேலை பார்க்கும் தம்பி தண்டபாணிதான் பார்த்து முடித்தான். புல் வெட்ட ஆள் வரும். கூரை ஒழுகினால் குடியிருப்போர் சங்கம் பார்த்துக்கொள்ளும். சமையலறை சன்னல் கிழக்குப் பார்த்தது. ஆலைக்கு நெல் கொண்டுவந்தவர்கள்கூட இதையெல்லாம் கேட்காமல் தப்பிக்க முடியவில்லை. "நாம திரும்பிக்கூடப் பாக்க வேண்டியதில்லீங்க. வீடு அதுபாட்டுக்கு நிக்கும், வாடகையும் அதுபாட்டுக்கு வரும்" என்பார்.

அவருக்கு அது முதலீடு. மனைவி மயிலாத்தாளுக்கோ அது வீடு. பிறந்த வீட்டில் கொடுத்த தென்னந்தோப்பை அதற்காக விற்றுக் கொடுத்தவள் அவள். முகம் சுளிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஏனுங்க, அந்த அடுப்புல மொதப் பாலு என் கையாலதான் பொங்கோணும். அதுக்கு முன்னால யாரும் பத்த வைக்கக் கூடாது."

"இதென்ன பெரிய காரியம்? ஆகட்டும்" என்று வாக்குக் கொடுத்தார் குழந்தைவேலு. பராமரிப்பே வேண்டாத வீடு விலைக்குக் கிடைக்கும். கொடுத்த வாக்குக்கு அந்த வசதி கிடையாது.

விசா இழுத்தடித்தது. ஆலையில் வரவு படுத்துவிட்டது. வங்கித் தவணை மட்டும் வந்துகொண்டே இருந்தது. வாடகைக்கு விடாவிட்டால் வீடே கைநழுவிவிடும் என்ற நிலை. குழந்தைவேலு தம்பியைக் கூப்பிட்டார்.

"நல்ல குடும்பமாப் பாத்து விட்டுடு. சாவி குடுக்கறதுக்கு முன்னால நீயே பாலை வாங்கிக் காய்ச்சிரு. உங்க அண்ணிக்குத் தெரிய வேண்டாம்."

தண்டபாணி பால் வாங்கிக்கொண்டுதான் போனான். அடுப்பின் முன்னால் நின்றபோது அண்ணி கேட்டு வாங்கிய வாக்கு நினைவுக்கு வந்து, கை ஓடவில்லை. பாலை அப்படியே திருப்பி எடுத்துப் போய்விட்டான். அண்ணனிடம் "காய்ச்சியாச்சு" என்றான். குடிவந்த வதனியிடம் மட்டும் உள்ளதைச் சொல்லி, "அண்ணி வர்ற வரைக்கும் அந்த அடுப்பை மட்டும் தொடாதீங்க" என்று கேட்டுக்கொண்டான். வதனி யாழ்ப்பாணத்துப் பெண். கைக்குழந்தைக்காரி. பால் காய்ச்சுவதன் அருமையை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் ஒரு மின்சார அடுப்பை வைத்துச் சமைத்துக்கொண்டாள். வாடகை என்னவோ சமையலறைக்கும் சேர்த்துத்தான்.

ஊரில் மயிலாத்தாள் கேட்கும்போதெல்லாம், "வீடு பூட்டித்தான் கெடக்குது" என்றார் குழந்தைவேலு.

ஒருவழியாக விசா வந்தது. மயிலாத்தாள் பித்தளைச் சொம்பைச் சேலைக்குள் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு கணவரோடு வந்து இறங்கினாள். தண்டபாணி இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப் போனான். வீட்டு வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு ஜோடிச் செருப்புக் கிடந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனி மறைத்துப் பயனில்லை என்று குழந்தைவேலு எல்லாவற்றையும் சொன்னார். "வாடகைக்கு விடலீன்னா வீடே போயிருக்கும். எல்லாம் உனக்காகத்தான்."

"அண்ணி, நான் பாலு காய்ச்சவே இல்லை. அண்ணன்கிட்டக் காய்ச்சியாச்சுன்னு பொய் சொன்னேன். உங்க அடுப்பு அப்படியேதான் இருக்குது" என்றான் தண்டபாணி.

மயிலாத்தாளின் முகம் தெளிந்தது. அப்போது வதனி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

"இல்லை அக்கா. ஒருக்கா நான் பத்த வச்சனான். அண்டைக்குப் புயல் அடிச்சு கரண்ட் போயிட்டுது. பிள்ளைக்குக் காய்ச்சல், பாலைத் தவிர ஒண்டும் குடிக்கேல்லை. இது காஸ் அடுப்புத்தானே எண்டு நெருப்புக்குச்சி கிழிச்சிட்டன். பிள்ளை அழுதாள் எண்டு திரும்பினன், அதுக்குள்ள பால் பொங்கிட்டுது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

தண்டபாணிக்கே இது புதுச் செய்தி. தோப்பை விற்ற அன்றுகூட மயிலாத்தாள் அழவில்லை. இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், சொம்பில் பாலை ஊற்றி அடுப்பில் வைத்தாள். பால் பொங்கியது. முதல் டம்ளரை ஊற்றிக் கையில் எடுத்தாள்.

எதிரே மூன்று பேர். ஒருவர் வாக்கைத் தவறவிட்டு வீட்டைக் காப்பாற்றியவர். ஒருவன் பொய் சொல்லி அடுப்பைக் காத்தவன். ஒருத்தி தான் கொடுக்காத வாக்கைத் தாங்கி, கடைசியில் அவளே அதை உடைத்தவள். முதல் டம்ளர் பால் இவர்களில் யாருக்குப் போக வேண்டும்? ஏன்?

விடை: மயிலாத்தாள் வதனியிடம்தான் போனாள். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்று கேட்டாள். "பாலு எந்தப் பக்கமா வழிஞ்சுது கண்ணு?" வதனி சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "கெழக்கயா? அப்பக் குறையொண்ணுமில்லை" என்று டம்ளரை நீட்டினாள் மயிலாத்தாள். வாடகைக்கு விடப்போகிறேன் என்று குழந்தைவேலு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள். தண்டபாணி வாக்கைக் காத்தான் என்றாலும், அதன் பாரத்தைச் சுமந்தது வேறொருத்தி. மூவரில், மறைக்க வழியிருந்தும் தனக்கே பாதகமான உண்மையை மயிலாத்தாளிடம் சொன்னது வதனி ஒருத்திதான். இரண்டாவது டம்ளரை மயிலாத்தாள் தானே குடித்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் மிச்சம் இருந்தது. அவர்கள் கைக்கு வந்தபோது அது ஆறியிருந்தது.