கேட்டால் சொல்வார்கள்

“போர்டைப் படிக்கிறாங்க மேடம். நின்னு, முழுசாப் படிக்கிறாங்க. படிச்சு முடிச்சிட்டு என்னைக் கேக்கறாங்க.”

மாதேசு இதைச் சொல்லிவிட்டு உட்காராமல் நின்றான். மூன்று நாள் வெயில் அவன் முகத்தில் கறுத்துக் கிடந்தது.

நவமணி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன கேக்கறாங்க?”

“இது சரிதானே தம்பின்னு.”

“நீங்க என்ன சொல்றீங்க?”

“போர்டைக் காட்டறேன்.”

மூன்று நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போர்டுக்கு முன்னால் நின்றார்கள். அதில் இருநூற்றெண்பது பேர் அவனைக் கேட்டார்கள். எல்லாவற்றையும் கோடு கோடாகக் குறித்து வைத்திருந்த தாளை அவன் மேசையில் வைத்தான்.

மேடம் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். பின்பக்கமாகத் திருப்பினார். வெற்றுப் பக்கம் மேலே தெரிய அவன் பக்கம் தள்ளினார்.

அவ்வளவுதான். அது அவருடைய வழக்கம்.

அந்த டிசைன் கல்லூரியில் இந்த வழக்கத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். ‘இன்னும் யோசி’ என்று சிலர். ‘குப்பை’ என்று சிலர். ஒரு பெண் ரொம்பவும் கெட்டிக்காரத்தனமாகப் பின்பக்கத்திலும் படம் வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தாள். மேடம் அதையும் திருப்பித்தான் கொடுத்தார்.

மாதேசு அவரைவிட ஒரு வயது மூத்தவன். தருமபுரிப் பக்கம் ஒரு பிளக்ஸ் கடையில் ஏழு வருடம் எழுத்துக் கோத்துவிட்டு முப்பது வயதில் படிக்க வந்தவன். அதனால் மேடம் அவனை நீங்க, வாங்க என்றுதான் பேசுவார். ஆனால் தாளைத் திருப்புவதில் மூத்தவன் இளையவன் என்று பார்க்க மாட்டார்.

நகரத்தில் மனிதர்கள் வழி தெரிந்து போகவும், ஒருவரோடு ஒருவர் சேரவும் எதையாவது செய்து காட்டுங்கள் என்பது அந்த வருட ப்ராஜெக்ட். ஒருவன் முன்பின் தெரியாதவர்கள் ஆட்டோவைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஆப் செய்தான். ஒருத்தி பஸ் ஸ்டாப்புக்கு எதிரெதிர் இருக்கை வைத்த பெஞ்சு செய்தாள். எதிரெதிரே உட்காரவைத்தால் பேசிவிடுவார்களாம். நாம் ரயிலில் பார்க்காத எதிர் இருக்கையா?

மாதேசு செய்தது போர்டு. புறநகரில் புதிதாகத் திறந்த பேருந்து நிலையத்தின் வாசலில், எட்டடி உயரத்தில், எந்த இடத்துக்கு எந்த எண் பஸ், எந்த நடைமேடை என்று காட்டும் போர்டு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும்படி நிறம், படம், பெரிய எண்கள். அப்படி ஒரு எழுத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. நான் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

ஆனால் அவனுக்கு வேண்டியது அழகு இல்லை. இனி இந்த நகரத்தில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வழி கேட்கவே கூடாது. அதுதான் அவனுக்கு வேண்டும்.

அதற்குக் காரணம் அவன் சட்டைப்பையில் இருந்தது.

ஒரு சீட்டு.

இரண்டு வருடத்துக்கு முன்னால், அவன் கல்லூரியில் சேர்ந்த முதல் வருடம், மே மாதத்தில், அவன் அப்பா, பெயர் சின்னப்பையன், ஒரு பை மாம்பழத்தோடு அவனைப் பார்க்க வந்தார். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். போனைச் சார்ஜில் போட்டு வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தார். மாதேசுக்கு அன்று ரிவ்யூ. கூட்டிவர அவன் போகவில்லை.

பேருந்து நிலையத்தில் இறங்கி, கல்லூரி விலாசம் எழுதிய சீட்டைக் காட்டி அவர் ஒருவரைக் கேட்டிருக்கிறார். அந்த ஆள் சீட்டின் பின்னால் ஒரு பஸ் எண்ணை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த எண் தப்பு. இறங்கிய இடத்தில் இன்னொருவரைக் கேட்டிருக்கிறார். அதுவும் தப்பு. மூன்றாவது. நான்காவது.

நகரத்தின் மறுகோடியில், மூடிக்கிடந்த ஒரு பெட்ரோல் பங்க் வாசலில், மதியம் இரண்டு மணி வெயிலில் சுருண்டு விழுந்தார். ஒரு ஆட்டோக்காரர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிறகு அந்த ஆட்டோக்காரரே அதே சீட்டை வைத்துக்கொண்டு, யாரையும் எதுவும் கேட்காமல், நேரே கல்லூரி வாசலுக்கு வந்து நின்றார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நம் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. வழி கேட்டவரிடம் ‘தெரியாது’ என்று சொல்ல வாய் வராது. சொன்னால் கேட்டவரை அவமதித்த மாதிரி. தெரியாவிட்டாலும் கையை ஒரு பக்கம் நீட்டி, “அங்க போய்க் கேளுங்க” என்றாவது சொல்லி அனுப்புவோம். அனுப்பிவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போவோம்.

அந்த நாலு எண்ணும் நாலு கையெழுத்து. எழுத்துத் தொழில் பார்த்தவன் என்பதால் மாதேசுக்கு அவை மனிதர்களாகவே தெரிந்தன. முதலாவது ஒரு வாத்தியார். இரண்டாவது அவசரத்தில் இருந்த கடைக்காரர். மூன்றாவது பென்சிலில், ஒரு பள்ளிப் பிள்ளை. நான்காவது சிவப்பு மையில், ஏதோ ஆபீஸர். நேரில் பார்த்தால் எழுதச் சொல்லியே பிடித்துவிடுவான்.

ப்ராஜெக்ட்டின் முதல் நாள், ஏன் இதைச் செய்ய வந்தீர்கள் என்று எல்லாரையும் கேட்டபோது, அவன் அந்தச் சீட்டை மேடம் முன்னால் வைத்தான்.

“இந்த நாலு பேர்தான் எங்கப்பாவைக் கொன்னாங்க.”

மேடம் நாலு எண்ணையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு சீட்டைத் திருப்பி, விலாசப் பக்கம் மேலே தெரிய, அவனிடம் கொடுத்தார்.

அவனுக்கு அன்று வந்த கோபம் சொல்லி மாளாது. ஒரு மனுஷனின் சாவைக்கூட இந்த அம்மாள் தாளாகத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தான்.

போர்டு வைக்க மேடம்தான் அலைந்து அனுமதி வாங்கித் தந்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“பத்து நாள் அதுக்குக் கீழ நில்லுங்க.”

“எதுக்குங்க மேடம்? ஆள் நிக்கறதுக்குப் போர்டு எதுக்கு?”

அவர் அனுமதிக் கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அதனால்தான் மூன்றாம் நாள் வந்து இப்படிப் புலம்பினான். வெற்றுப் பக்கத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் போய் நின்றான்.

நான்காம் நாள் கூடை வைத்திருந்த ஒரு அம்மாளிடம், எல்லாம் போர்டில் இருக்கிறது என்று கொஞ்சம் கடுகடுப்பாகவே சொன்னான். அந்த அம்மாள் கோபப்படவில்லை.

“போர்டு தப்பாச் சொன்னா நான் யாருகிட்டப்பா போயிக் கேக்கறது?” என்றாள்.

அவன் எழுத்தை வெறும் போர்டாகத்தான் பார்த்தார்கள். அவனைத்தான் நம்பினார்கள். கழுத்தில் நீலப் பட்டையில் கல்லூரி அட்டை தொங்கியது அதற்கு இன்னும் வசதியாகப் போயிற்று.

ஆறாம் நாள் அவன் கையைப் போர்டுப் பக்கம் நீட்டுவதை விட்டுவிட்டான். வாயாலேயே சொல்ல ஆரம்பித்தான். சொன்னால் அவர்கள் முகம் தெளிந்தது. நல்லா இருப்பா என்றார்கள். உள்ளதைச் சொன்னால், அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது.

ஒன்பதாம் நாள் பகல் பதினோரு மணிக்கு அந்தப் பெரியவர் வந்தார்.

தோளில் சாக்கு. சாக்கில் ஒரு பலாப்பழம். மலையிலிருந்து வருகிறார் என்பது பேச்சில் தெரிந்தது. நெல்லுமேட்டுக் காலனியில் மகள் வீடு என்றார். முதல் தடவையாக வருகிறாராம்.

நெல்லுமேட்டுக் காலனி போர்டில் இல்லை. அவன் கேள்விப்பட்டதும் இல்லை. இல்லை, எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். பெரியவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாப்பத்தேழு கே,” என்றான்.

“எழுதிக் குடு சாமி. எனக்குப் படிக்க வராது. வண்டி நெத்தியில ஒப்பிட்டுப் பாத்து ஏறிக்கறேன்.”

அவன் எழுதிக் கொடுத்தான். போர்டில் இருக்கும் அதே எழுத்தில், அழகாக.

பெரியவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு போனார்.

காத்திருந்த நாலு பேரையும் அனுப்பியான பிறகு, நெல்லுமேட்டுக் காலனியைப் போர்டில் சேர்க்க வேண்டும் என்று நோட்டில் குறித்துக்கொண்டு, டைம் கீப்பரிடம் போய் விசாரித்தான்.

“நெல்லுமேடா? அது தெற்கால,” என்றார் அவர்.

“நாப்பத்தேழு கே போவாதா?”

“அது வடக்கால போற வண்டி.”

மாதேசு ஓடினான். வண்டி போய்விட்டது.

அடுத்த நாற்பத்தேழு கேயில் ஏறிக் கடைசி நிறுத்தத்தில் இறங்கினான். பலாப்பழத்தோடு ஒரு பெரியவர் என்று டீக்கடையில் கேட்டான். இப்போதுதான் இந்தப் பக்கம் போனார் என்று கடைக்காரர் வலது பக்கம் காட்டினார். அங்கே கரும்புச்சாறு விற்ற அம்மாள், வந்த வழியே திருப்பி அனுப்பினாள். ஒரு பையன் கோயில் பக்கம் என்றான். மூன்று பக்கமும் நடந்தான். நாக்கு வறண்டு, கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான், இந்த மூன்று பேரில் ஒருவரும் அவரைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று அவனுக்குப் பட்டது.

மறுநாள் போர்டுக்குக் கீழே நிற்கப் போகவில்லை. தெற்கே நெல்லுமேட்டுக் காலனிக்குப் போனான். முந்நூறு வீடு இருக்கும். மகள் பெயர் அவனுக்குத் தெரியாது, பெரியவர் பெயரும் தெரியாது. மலையிலிருந்து வாக்கப்பட்டு வந்த பெண்கள் அங்கே நாலைந்து பேர் என்றார்கள். இரண்டு வீட்டில் பூட்டு. மற்ற வீட்டில் யாரும் வரவில்லை என்றார்கள். எங்காவது பலாப்பழ வாசனை வருகிறதா என்று தெருத் தெருவாக மோப்பம் பிடித்துக்கொண்டு அலைந்தான். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

வாசனை வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலையில் மேடத்தின் அறைக்கு வந்தான். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். அழவில்லை.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தான். நாலு எண்களும் மேலே தெரிந்தன. அவற்றுக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. மேடத்தின் பேனாவை எடுத்து, ஐந்தாவதாக, நாற்பத்தேழு கே என்று எழுதினான். ஐந்திலும் அதுதான் அழகான எழுத்து.

மேடம் கையை நீட்டினார். வழக்கம்போலச் சீட்டைத் திருப்பப் போனார்.

மாதேசு அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டான்.

“வேண்டாங்க மேடம். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும்.”

மேடம் கையை எடுத்துக்கொண்டார்.

“விலாசம். பொங்கலுக்குப் போனப்ப நான் எழுதிக் குடுத்தது. கல்லூரி பேர் எழுதினேன், தெரு எழுதினேன், பின்கோடுகூட எழுதினேன். எந்த பஸ்சுன்னு எழுதலை. எந்த பஸ்சுல ஏறணும்னு அப்பா கேட்டாரு. நான் போன் பாத்துட்டு இருந்தேன்.”

கட்டைவிரலால் சீட்டின் ஓரத்தை நீவினான்.

“அங்க வந்து யாரையாச்சும் கேட்டா சொல்லுவாங்கன்னேன்.”

அறைக்கு வெளியே யாரோ பெஞ்சை இழுத்துக்கொண்டு போனார்கள். எதிரெதிர் இருக்கை வைத்த அந்தப் பெஞ்சு.

மாதேசு சீட்டிலிருந்து கையை எடுக்காமலே தலையை நிமிர்த்தினான். ஒன்பது நாள் போர்டுக்குக் கீழே எத்தனையோ பேர் அவன் முகத்தைப் பார்த்த மாதிரியே, இப்போது அவன் மேடத்தின் முகத்தைப் பார்த்தான்.

“அந்தப் பெரியவர் வீடு போய்ச் சேர்ந்திருப்பாருங்களா மேடம்?”

நவமணி மேடம் மேசையைச் சுற்றி வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“தெரியாது மாதேசு,” என்றார்.