கோவணத்தோடு ஓடிய ராஜாவும் புகை பார்த்த சடையாண்டியும்

ஒரு காலத்தில் கொன்றையூர்ச் சீமையைத் தித்திராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவான்.

அவன் கோட்டைக் கோபுரத்தில் சடையாண்டி என்பவன் காவல். ஊரைப் பார்ப்பதும், ஆபத்தென்றால் முரசடிப்பதும்தான் இருபது வருஷமாக அவன் வேலை. "உம்முடைய நூறு வாதத்தைவிட இவன் முரசு மேல்" என்று ராஜா ஒருநாள் சொல்லிவிட, ஆஸ்தான பண்டிதர் வாதகேசரிக்கு வயிறு எரிந்தது.

ஒரு புதன்கிழமை மலைமேல் புகை கிளம்பியது. சடையாண்டி முரசடித்தான். புதன்கிழமை வழக்கப்படி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ராஜா பதறிப்போய்க் கோவணத்தோடு தெருவுக்கு ஓடிவந்தான். தண்ணீர்க்குடம் சுமந்த பெண்களெல்லாம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அதற்குள் மலையில் மழை கொட்டிவிட, அணைக்கப் போனவர்கள் கண்ணில் நெருப்பே படவில்லை.

வெள்ளிக்கிழமை விசாரணை. பண்டிதர் எழுந்தார்.

"நெருப்பை நீ கண்டாயா?"

"புகையைக் கண்டேன் சாமி."

பண்டிதர் ராஜா பக்கம் திரும்பினார். "அறிவு எந்த வழியாக வருகிறது என்று முன்னோர் காலந்தொட்டு வாதம் நடக்கிறது, மகாராஜா. கண்டறியலாம், ஊகித்தறியலாம், பிறர் சொல்லக் கேட்டறியலாம் என்று மூன்று வழி சொன்னவர்களை எல்லாம் நான் தோற்கடித்திருக்கிறேன். கண்ணால் காண்பது ஒன்றே அறிவு. காணாத நெருப்புக்கு முரசடித்த இவன் பொய்யன்."

"நாடு கடத்துங்கள் இவனை" என்றான் ராஜா. கோவணம் இன்னும் அவன் மனசை உறுத்திக்கொண்டிருந்தது.

கோபுரத்தை விட்டால் சடையாண்டிக்கு வேறு பிழைப்புத் தெரியாது. "கடைசியாக ஒருதரம் மேலே ஏறிப் பார்த்துவிட்டுப் போகிறேனே" என்று கெஞ்சினான். ராஜா தலையசைத்தான்.

ஏறினவன் மேலிருந்து குரல் கொடுத்தான். "பண்டிதர் ஐயா, உங்கள் வீட்டிலிருந்து புகை வருகிறது."

"ஐயோ, என் சுவடிகள்" என்று பண்டிதர் எடுத்தார் ஓட்டம். மேல்துண்டு சபையிலேயே விழுந்து கிடந்தது. அரை நாழிகையில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"நெருப்பெல்லாம் ஒன்றுமில்லை. வீட்டுக்காரி தலைமுழுகிவிட்டுச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருக்கிறாள். தூபக்காலில் கொஞ்சம் தணல், அவ்வளவுதான்."

"தணல் இருந்ததல்லவா சாமி?" என்றான் இறங்கி வந்த சடையாண்டி. "நீங்கள் இங்கிருந்து புகையைக்கூடப் பார்க்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டீர்கள், நெருப்பிருக்கும் என்று ஊகித்தீர்கள். தோற்கடித்துவிட்ட அந்த இரண்டு வழியிலும்தானே ஓடினீர்கள்?"

பண்டிதர் குனிந்து மேல்துண்டைத் தேடினார். சபையில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

"சாம்பிராணிதான் என்று உனக்கு முன்பே தெரியுமா?" என்றான் ராஜா.

"இருபது வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பார்க்கிறேனே, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். "பண்டிதரே, ஒரு மாசம் நீரும் கோபுரத்தில் இவனோடு இருந்து முரசைத் துடையும். சடையாண்டி, நீ புகையைக் கண்டாலே அடி." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "புதன்கிழமை மட்டும், அடிப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு வேட்டி கொடுத்தனுப்பு."